உறங்கிப் பார்த்து வீடு வாங்கியவர்

வீடு வாங்க வருகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துப் பார்ப்பார்கள். ஆனால் பாயும் தலையணையும் கட்டிக்கொண்டு வந்து, அந்த வீட்டிலேயே வயிறாரச் சாப்பிட்டு, வெறும் நிலத்தில் படுத்து ஒரு பகல் உறக்கம் போட்டுப் பார்த்த பிறகே விலை பேசிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் மாங்கேணிக்காரர். எங்கள் கருவாட்டு முதலாளி.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இல்லாமல் இல்லை. ஆனால் அதை ஊர் மறந்து நெடுநாளாகிவிட்டது. அவரே மறந்துவிட்டார் என்பதற்கு நானே சாட்சி. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலாளிக்கு ஐந்து பெண் பிள்ளைகள். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் பெண்ணைப் பெற்றவர் வீடு கொடுத்தே ஆகவேண்டும். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து குடிபுகுவார். வீடு எப்போதும் பெண்ணுடையது. ஆகவே முதலாளி வாழ்நாள் முழுவதும் கருவாடு விற்றார், வீடு வாங்கினார், மறுபடியும் கருவாடு விற்றார். ஏன் இப்படிப் படுத்துப் பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால் கோபம் வந்துவிடும். "என்ட பிள்ள காலம் முழுக்க உறங்கப்போற வீடு. அப்பன் ஒருக்கா உறங்கிப் பாக்காம எப்பிடி வாங்குற?" என்பார்.

வாழைச்சேனையில் ஒரு வீட்டில் அவர் உறங்கிய உறக்கத்தைக் கண்டு வீட்டுக்காரர் பயந்துபோய், மூக்கடியில் கண்ணாடி பிடித்துப் பார்த்தாராம். கண்ணாடியில் ஆவி படிந்தது. வீடு மூத்த மகளுக்கு ஆயிற்று. கல்லடியில் ஒரு மாடி வீட்டில் குளிரூட்டியைப் போட்டு, புது மெத்தையும் விரித்து வைத்திருந்தார்கள். முதலாளி குளிரூட்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு, மெத்தைக்குப் பக்கத்தில் நிலத்தில் படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழும்பி, "கீழால தண்ணி நடமாடுது" என்று சொல்லிப் பாயைச் சுருட்டினார். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தத் தண்ணீரைத் தேடிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. பாசிக்குடாவில் கடலைப் பார்த்தபடி இருந்த அழகான வீட்டையும் வேண்டாம் என்றுவிட்டார். "கடல் ஓயாமக் கதைக்குது. என்ட நாலாவது மகளும் ஓயாமக் கதைப்பா. மருமகன் எங்க போற?" என்றாராம்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நாங்கள் எங்கள் வீட்டை விற்க வேண்டி வந்தது.

வீட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது என் மனைவி மகேசின் சீதன வீடு; அவள் பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். மட்டக்களப்பு நகரத்தின் ஓரத்தில், வாவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு குறுகிய ஒழுங்கையில் நின்றது. கட்டியவர் மாமனார். அவருக்குச் சீமெந்து மீது அபார நம்பிக்கை. கட்டட அனுமதி கொடுக்கிற சபை மீது துளியும் இல்லை. "என்ட காணியில நான் சுவர் எழுப்ப அவன்ட முத்திரை என்னத்துக்கு?" என்பார். ஆகவே பிளான் பாஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்விறாந்தை வீதிக்கோட்டைத் தாண்டி ஒழுங்கைக்குள் காலை நீட்டியிருந்தது. குளியலறை, வாவிக்கரை ஒதுக்கு நிலத்தில் உரிமையோடு உட்கார்ந்திருந்தது. மாரியில் தண்ணீர் ஏறினால் மீன்களும் குளிக்க வரும். மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்த சுகாதாரப் பரிசோதகர், மகேஸ் கொடுத்த தேநீரைத் தொடாமலே எழும்பிப் போனார். அறைச் சுவர்கள் கூரை வரைக்கும் போகவில்லை. கல் முடிந்துவிட்டதுதான் காரணம். மாமனாரோ, "காத்துப் புழங்கட்டும் எண்டு விட்டன்" என்று அதற்கும் ஒரு பெருமை வைத்திருந்தார்.

அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம். சட்டத்துக்கு மாறாகக் கட்டியிருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

பிறகு மகேசுக்கு முதுகில் நோவு வந்தது. முதலில் தைலம் பூசினோம். அடுத்து இடது கால் மரத்தது. அப்புறம் கட்டிலைவிட்டு எழும்ப முடியாமல் போயிற்று. கொழும்பில் பார்த்த டாக்டர், முதுகெலும்பில் ஒரு வட்டு விலகி நரம்பை நெரிக்கிறது, கெதியாக வெட்டிச் சரிசெய்யாவிட்டால் இவர் மறுபடி நடப்பது சந்தேகம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அரசாங்க ஆசுபத்திரியில் இலவசம்தான். ஆனால் வரிசை நீளம். கால் அவ்வளவு காலம் காத்திருக்காது. தனியார் ஆசுபத்திரியில் கேட்ட தொகைக்கு எங்களிடம் இருந்த ஒரே வழி வீடு.

"வித்துப்போடுங்க" என்று மகேஸ்தான் சொன்னாள். அவளுடைய வீடு, அவள்தான் சொல்ல முடியும். சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

விற்பது எளிதாக இருக்கும் என்று நினைத்தேன். ஓர் ஆசிரியத் தம்பதி வந்து வாவிக் காற்றில் மயங்கி, எங்கே அலுமாரி வைப்பது என்றுகூடப் பேசி முடித்துவிட்டார்கள். அவர்களுடைய வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். "பிளான் எங்க?" என்றார். என் மாமனாரின் தலைக்குள் இருந்தது என்றேன். "அவர் எங்க?" என்றார். சுவரில் மாலையோடு தொங்கிய படத்தைக் காட்டினேன். அவ்வளவுதான், ஆசிரியத் தம்பதி அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையால் போவதையே விட்டுவிட்டார்கள். சுவிஸிலிருந்து ஒரு தூரத்துச் சொந்தக்காரர் கைபேசியில் வீடு முழுவதையும் பார்த்து, "நல்லா இரிக்கு, நல்லா இரிக்கு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். விறாந்தைக்கு வந்ததும் தொடர்பு அறுந்தது. இன்னும் அறுந்தே கிடக்கிறது. அந்தச் சமயம் பார்த்துச் சபையிலிருந்து ஓர் உத்தியோகத்தர் வந்து விறாந்தைத் தூணில் சிவப்புப் பெயின்றால் கோடு கீறி, "இது வரைக்கும் உடைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் மச்சான் சின்னராசா, மகேசின் தம்பி, எதற்கும் கலங்காத பேர்வழி. அந்தக் கோட்டுக்கு முன்னால் ஒரு குரோட்டன் சாடியைத் தூக்கி வைத்தான். "மச்சான், இனி வங்கிக்காரன நம்பிச் சரிவராது. கைக்காசுக்காரன் ஒருத்தன்தான் வேணும். மாங்கேணியில ஒரு கருவாட்டு முதலாளி இரிக்கார். வங்கிப் பக்கமே போகாத மனிசன். கடைசி மகளுக்கு வீடு தேடுறாராம். ஆனா ஆள் ஒரு மாதிரி."

"எப்பிடி ஒரு மாதிரி?"

"வந்து படுப்பார்" என்றான்.

முதலாளி வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. மோட்டார் சைக்கிளின் பின்னால் பன்பாயும் தலையணையும் கட்டியிருந்தார். அவருக்கு முன்னால் வாசம் வந்தது. அவருக்குப் பின்னால் ஒழுங்கையிலுள்ள பூனைகள் எல்லாம் வந்தன. கேற்றுக்கு வெளியே அவை வரிசையாக உட்கார்ந்துகொண்டதைப் பார்த்தால் ஏதோ கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பியது போல இருந்தது.

நான் வாயெல்லாம் பல்லாக வரவேற்று, இரண்டு நாளாகப் பாடமாக்கி வைத்திருந்த வீட்டுப் பெருமையைத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வீடு ஆர்ர பேரில?"

"மனிசிட பேரில."

"அப்ப நீங்க கொஞ்சம் அங்கால இரிங்க தம்பி. வீட்டுக்காரியோட கதைச்சிட்டு வாறன்."

நான் என் வீட்டிலேயே அங்காலே போய் இருந்தேன். அவர் நடுஅறை வாசலில் ஒரு கதிரையைப் போட்டுக்கொண்டு, கட்டிலில் கிடந்த மகேசிடம் கேட்டார். "தங்கச்சி, வீட்டில என்ன குத்தம்?"

மச்சான் இருமினான். மகேஸ் அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

"விறாந்த றோட்டுக்குள்ள நிக்குது. அந்தப் பூச்சாடிக்குப் பின்னால கோடு இரிக்கு. குளிக்கிற அற சபைட கணக்கில வாவிக்குரிய நிலம். மலக்குழி கிணத்துக்குக் கிட்ட. பிளான் இல்ல. சுவரெல்லாம் அரைச் சுவர். உறுதிப் பத்திரம் மட்டும் சுத்தம், அப்பா காணிய முறையா வாங்கினவர்."

"அப்பா மேசனா?"

"மேசன் இல்ல. பிடிவாதக்காரன்."

முதலாளி சிரித்தார். நாங்கள் ஒரு மாதமாக மூடி மறைத்ததையெல்லாம் அவள் படுத்த படுக்கையில் ஒரு மூச்சில் கொட்டிவிட்டாள். மச்சான் குரோட்டன் சாடியைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்தான்.

அடுத்தது சாப்பாடு. சமைத்தவன் நான். மகேஸ் கட்டிலில் கிடந்தபடி கட்டளையிட, குசினியில் நான் நிறைவேற்றினேன். கட்டளைக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையில் உப்பு இரண்டு தரம் விழுந்துவிட்டது. கருவாட்டு முதலாளியாயிற்றே என்று கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தேன். அவர் அந்தச் சட்டியை மெல்ல ஒதுக்கினார். "தம்பி, நான் இதச் சாப்பிட்டே பழக்கமில்ல. வாசம் ஒத்துக்காது" என்றார். நாங்கள் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

சாப்பிட்டு முடிந்து பாயை விரித்தார். நடுஅறைக்கு அடுத்த அறை. துண்டை உதறி முகத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் வாழ்க்கை அந்தத் துண்டுக்குக் கீழே போய்விட்டது.

அன்று மத்தியானம் எங்கள் ஒழுங்கையில் ஓர் இலை அசைய நான் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னேன். தேங்காய் பறிக்க ஏறியவரை இறங்கச் சொன்னேன். அவர் பாதி மரத்தில் நின்று ஏன் என்று சத்தமாகக் கேட்டதுதான் மிச்சம். பாண் ரொட்டி விற்கிற ஓட்டோ வழக்கம் போலப் பாட்டுப் போட்டுக்கொண்டு திரும்பியபோது, ஒழுங்கையின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றேன். "செத்த வீடா?" என்று மெதுவாகக் கேட்டுப் பாட்டை நிறுத்திவிட்டு, ஓட்டோவைத் தள்ளிக்கொண்டே போனான் நல்ல பிள்ளை.

நான் வியர்த்து வடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது முதலாளி விறாந்தையில் உட்கார்ந்திருந்தார். பாய் சுருட்டிக் கட்டியிருந்தது.

"உறக்கம் வரல்ல" என்றார்.

தூணைப் பிடித்துக்கொண்டேன். கல்லடி வீடும் பாசிக்குடா வீடும் கண்முன் வந்தன. மகேஸ் இனி அந்தக் கட்டிலிலேதான் என்று எனக்குள் யாரோ சொன்னது போல இருந்தது.

"பாண்காரனா முதலாளி? நான் அவன மறிச்சிட்டனே!"

"பாண்காரன் இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். "சுவர் அரைச் சுவர்தானே. அந்தப் பிள்ள மூச்ச விட்டு விட்டு இழுக்குது. நான் படுத்திரிக்கன் எண்டு, சீலைத் துண்ட வாயில அடைச்சிட்டு நோவப் பொறுக்குது. அதக் கேட்டிட்டு ஆருக்குத் தம்பி உறக்கம் வரும்?"

அவள் அப்படிக் கிடந்தது எனக்குத் தெரியாது. நான் ஒழுங்கையில் நின்று மோட்டாரையும் பாட்டையும் அடக்கிக்கொண்டிருந்தேன். அவள் உள்ளே தன்னை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர் எழும்பி மறுபடி நடுஅறை வாசலுக்குப் போனார். "தங்கச்சி, வீட்ட நான் எடுக்கிறன்."

உள்ளே இருந்து மகேசின் குரல் வந்தது. "பாவம் பாத்து எடுக்கத் தேவையில்ல."

"பாவம் பாக்க நான் என்ன சாமியாரா? விறாந்தை உடைக்கிற கூலிய விலையில கழிப்பன். மலக்குழி மாத்துறதக் கழிப்பன். குளிக்கிற அறையக் கழிப்பன். அரைச் சுவரையும் கழிப்பன்."

"அரைச் சுவரக் கழிக்க ஏலா. அது காத்துக்கு விட்டது."

முதலாளி கொஞ்சம் யோசித்தார். "சரி, அதக் கழிக்கல்ல" என்றார். அப்படியே பேசி முடிந்தது. அவர் கழித்ததெல்லாம் நியாயம். சொன்ன விலை நாங்கள் நம்பி இருந்ததைவிடக் குறையவில்லை.

"உறங்காம வாங்குறீங்களே" என்று மச்சான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டான்.

"இது வீட்டுட குத்தமில்ல, நோய் வருத்தத்துட குத்தம். முதல்ல வருத்தத்தப் பாருங்க. மறுகா வந்து படுக்கிறன்."

அன்று பின்னேரமே முற்பணம் வந்தது, கருவாடு கட்டுகிற உரப்பையில். மிச்சம், உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசு முன்னால். அங்கேதான் நான் முதலில் சொன்ன சாட்சி. நொத்தாரிசு உறுதியை வைத்துக்கொண்டு ஒரு பெயரை வாசித்தார். ஒருவரும் எழும்பவில்லை. திரும்ப வாசித்தார். முதலாளி கழுத்தைத் திருப்பி, அந்த ஆள் எங்கே என்று எங்களோடு சேர்ந்து தேடினார். கடைசியில் நான்தான், "முதலாளி, அது நீங்கதானே?" என்றேன். "ஓமோம், நான்தான்!" என்று துள்ளி எழும்பினார்.

கொழும்பு ஆசுபத்திரியில் காசாளராக இருந்த பெண் நோட்டுக் கட்டைப் பிரித்ததும் மூக்கைச் சுளித்து, மேசைக்குக் கீழே குனிந்து எதையோ தேடினாள். பக்கத்தில் இருந்தவளும் தேடினாள். சக்கர நாற்காலியில் இருந்த மகேசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதுகு நோவுக்குள் சிரிக்கவும் முடியாமல், அடக்கவும் முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்காகவே அந்த வாசத்தை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன்.

வெட்டு நல்லபடியாக முடிந்தது. வீட்டைவிட்டு எழும்பும்படி முதலாளி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "வீடு பாத்து எடுக்கிற வரைக்கும் இரிங்க. ஆள் இல்லாத வீட்டுக்குப் பாம்பு வரும்" என்றார், ஏதோ நாங்கள் அவருக்குக் காவல் இருப்பது போல. நாங்கள் இருக்கும்போதே ஆளைக் கொண்டுவந்து விறாந்தையைச் சிவப்புக் கோடு வரைக்கும் உடைத்தார், குளியலறையை இடித்து உள்ளே எடுத்தார், மலக்குழியைத் தள்ளி வெட்டினார், புதுப் பிளான் கீறிச் சபைக்குக் கொடுத்தார். பார்க்க வந்த உத்தியோகத்தர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது, "எழுதுறது கிடக்கட்டும் ஐயா, ஒருக்காப் படுத்துப் பாருங்க" என்று பாயை விரிக்கப் போய்விட்டார். அந்த மனிதர் பயந்துபோய் நின்றபடியே சரி என்றுவிட்டார்.

மகேஸ் ஊன்றுகோலோடு குசினிக்குப் போய்வரத் தொடங்கிய கிழமையில் ஒரு நாள் மத்தியானம் வந்தார். இந்த முறை சமைத்தது அவள். சாப்பிட்டுப் படுத்தவர் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் எழும்பினார். அவருடைய குறட்டைக்குக் கூரைச் சீற் அதிர்ந்தது என்று மச்சான் சத்தியம் செய்கிறான். எழும்பியதும் தேநீர் கேட்டார்.

நாங்கள் இரண்டு ஒழுங்கை தள்ளி ஒரு வாடகை வீட்டுக்குப் போனோம். கொஞ்ச காலத்தில் கடைசி மகளின் கலியாணம், அந்த வீட்டில்தான். நாங்கள் பந்தலில் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை கேற்றுக்கு வந்துவிட்டார். ஆலாத்தி எடுக்க வேண்டும். முதலாளியின் சொந்தத்தில் அக்கா, தங்கை, மச்சாள் என்று பெண்களுக்குக் குறைவே இல்லை. எல்லோரும் முன்னால் வந்தார்கள். முதலாளி ஆலாத்தித் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார்.

"தங்கச்சி, இந்த வீட்டில பிறந்து வளந்த பிள்ள நீ. நீதான் எடுக்கணும்."

மகேஸ் என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பித் தட்டை வாங்கினாள். ஊன்றுகோல் கதிரையில் சாய்ந்தபடி கிடந்தது. வாசலிலிருந்து கேற் வரைக்கும் பந்தலில் எல்லோரும் பார்க்க, இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். விழுந்துவிடுவாளோ என்று நான் கையை நீட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். முதலாளி என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க தம்பி. அவ நடப்பா."

அவள் நடந்தாள். தட்டைச் சுற்றி, மாப்பிள்ளைக்குப் பொட்டு வைத்து, அதே நடையில் திரும்பியும் வந்தாள். அதற்குள் மேளம் முழங்கியது, ஆட்கள் உள்ளே வந்தார்கள், பெண்ணின் தகப்பனை எல்லோரும் கூப்பிட்டார்கள். அவர் போவதற்காகக் கையை எடுக்கப் பார்த்தார். நான்தான் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை.